வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

தருமபுரியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்திய காலத்தில், மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுந்தது இலக்கண விதிகளில் அல்ல; வா, போ, ஏறு, இறங்கு போன்ற சின்னச் சொற்களில்தான். இந்த முறை வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால் பெரியவர்களும் அங்கேதான் விழுகிறார்கள் என்று தெரிகிறது.

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். ‘நாளை ஐம்பது பெட்டி கொண்டுவருகிறேன்’ என்று பெங்களூரு வியாபாரிக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்ப வேண்டும். ‘பிரிங்’ போடுவதா, ‘டேக்’ போடுவதா? மகன் ஒன்று சொல்கிறான், மருமகள் ஒன்று சொல்கிறாள்.

பதில்: யார் எதைச் சொன்னார்கள் என்று எழுதாமல் விட்டீர்கள், நான் தப்பித்தேன். ‘பிரிங்’ போடுங்கள். செய்தியைப் படிக்கிறவர் இருக்கும் இடத்துக்குத்தானே சரக்கு போய்ச் சேர்கிறது? அதே ஐம்பது பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஓட்டுநரிடம் ‘பெங்களூருக்குக் கொண்டுபோ’ என்று சொல்லும்போது ‘டேக்’. சரக்கும் வண்டியும் ஒன்றுதான். யாரிடம் பேசுகிறீர்கள் என்பது மாறியதும் சொல் மாறிவிடுகிறது. மண்டிக்குப் பின்னால் கிடக்கும் காலிப் பெட்டிகளை எடுத்துவரப் பையனை அனுப்பினால் ‘ஃபெட்ச்’. போவது, எடுப்பது, திரும்பி வருவது மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

இது நமக்குப் புதிதல்ல. வருதல், தருதல் இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வகுத்து வைத்திருக்கிறது. அதாவது என்னை நோக்கியும் உன்னை நோக்கியும் ‘வரவு’; அவனை நோக்கிச் ‘செலவு’. ‘உங்கள் வீட்டுக்கு நாளை வருகிறேன்’ என்கிறோம், ‘அவர் வீட்டுக்குப் போகிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தின் ‘கம்’, ‘கோ’ இரண்டும் பெரும்பாலும் இதே வரப்பில்தான் நடக்கின்றன. ஆகவே சந்தேகம் வந்தால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கொண்டுவா என்றால் ‘பிரிங்’, கொண்டுபோ என்றால் ‘டேக்’.

ஓரிடத்தில் மட்டும் இந்த வழி காலை வாரும். நாம் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டோம். சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் ‘போய்விட்டு வருகிறேன் என்று சொல்’ என்று திருத்துவார்கள். இளம் வயதில் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்புக்கு உதவப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் வெளிநாட்டுப் பொறியாளரிடம் ‘ஐ ஆம் கமிங்’ என்று பணிவாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவர் எனக்கும் சேர்த்துக் காபி சொல்லிவிட்டு வெகுநேரம் காத்திருந்தாராம். விடைபெற ‘ஐ ஆம் லீவிங்’ போதும். அமங்கலமாகத் தோன்றினால் மனத்துக்குள் ஒரு ‘வருகிறேன்’ சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பென்னாகரத்தில் கல்லூரி மாணவி நான். ‘பஸ்ஸில் ஏறினேன்’ என்பதற்கு ‘கிளைம்ப்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏறுவதற்கு ‘கிளைம்ப்’ தானே?

பதில்: மலை, மரம், ஏணி என்றால் ‘கிளைம்ப்’. கையும் காலும் பாடுபட வேண்டும். கூட்டம் பிதுங்கும் காலை பஸ்ஸில் ஏறுவதும் மலை ஏறுவதும் ஒன்றுதான் என்று நீங்கள் வாதிடலாம், மதிப்பெண் கிடைக்காது. பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’. கார், ஆட்டோவுக்கு ‘கெட் இன்டு’. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார மட்டும் முடிந்தால் ‘இன்டு’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே உட்காரும் சைக்கிள், ஸ்கூட்டர், குதிரை எல்லாம் ‘ஆன்’ பக்கம்.

கேள்வி: ஒகேனக்கல்லில் அப்பா பரிசல் ஓட்டுகிறார். வெளிநாட்டுப் பயணிகள் வந்தால் நான்தான் பேச வேண்டும். ‘அப்பா பரிசலை டிரைவ் செய்கிறார்’ என்றதற்குச் சிரித்தார்கள். என்ன சொல்ல வேண்டும்?

பதில்: சிரித்தது சரியல்ல, ஆனால் சொல்லும் சரியல்ல. ‘டிரைவ்’ கார், லாரி, பஸ்ஸுக்கு. ‘ரைட்’ குதிரைக்கும் இருசக்கர வண்டிக்கும். தண்ணீரில் இரண்டு சொற்கள் உண்டு. படகின் ஓரத்தில் பொருத்திய துடுப்பை இழுத்து வலித்தால் ‘ரோ’. துடுப்பைக் கையில் சுதந்திரமாகப் பிடித்துத் தள்ளினால் ‘பேடில்’. உங்கள் அப்பா ஒற்றைத் துடுப்பைக் கையில் பிடித்து முன்னால் தண்ணீரை வாரி வாரி இழுக்கிறார். ஆகவே ‘பேடில்’. பரிசலுக்கே ஆங்கிலத்தில் ‘கோரகிள்’ என்ற சொல் இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அங்கேயும் ஆற்றில் இப்படிப்பட்ட படகுகள் உண்டு. அடுத்த முறை அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

இன்னும் நான்கு சொற்கள் உங்களுக்குத் தேவைப்படும். காவிரி ஓடுவது ‘ஃப்ளோ’. பரிசல் மூழ்காமல் மிதப்பது ‘ஃப்ளோட்’. நகராமல் நின்றாலும் அது ‘ஃப்ளோட்’ தான். அப்பா துடுப்பை மடியில் வைத்துவிட, நீரோட்டம் தன் போக்கில் இழுத்துப்போனால் ‘டிரிஃப்ட்’. பாறைகளுக்கு நடுவே கொண்டுபோய், துடுப்பை ஒரு பக்கமாக வளைத்து, பயணிகள் அலறும்வரை பரிசலை ஓரிடத்திலேயே சுழற்றுவாரே, அது ‘ஸ்பின்’. ‘ரொட்டேட்’ என்று சொன்னால் தவறில்லை, ஆனால் அறிவியல் பாடம்போல் இருக்கும். அலறலுக்கு அதில் இடமில்லை.

கேள்வி: ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ வேறுபாட்டை ஒரே வரியில் சொல்ல முடியுமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: மழை பெய்தால் கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் தானாக உயரும், ‘ரைஸ்’, பிறகு ஊழியர்கள் மதகை உயர்த்துவார்கள், ‘ரெய்ஸ்’. தமிழ் எழுத்தில் முதல் சொல்லும் சோறும் ஒன்றுபோலத் தெரிவதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: எங்கள் லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்தது. காப்பீட்டுப் படிவத்தில் ‘ஸ்லிப்’ என்று எழுதினேன், உறவினர் ‘ஸ்கிட்’ என்கிறார். செய்தித்தாளில் ‘கேப்சைஸ்’ என்று வந்திருந்தது.

பதில்: ஓட்டுநருக்குக் காயம் இல்லை என்று நம்புகிறேன். காப்பீட்டுப் படிவத்தில் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தைச் சொல்வதால் கவனம் தேவை. மனிதன் கால் வழுக்கினால் ‘ஸ்லிப்’. பிரேக் போட்டும் பிடிக்காமல் சக்கரம் சாலையில் இழுபட்டுப் போனால் ‘ஸ்கிட்’. வழவழப்பில் சறுக்கிக்கொண்டே போவது ‘ஸ்லைட்’. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் சில ஓட்டுநர்களுக்கு உண்டு. அப்போது வண்டி தன் எடையால் உருண்டு வேகம் பிடிப்பது ‘ரோல்’. உங்கள் வண்டிக்கு நடந்தது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள். கவிழ்ந்ததற்கு ‘ஓவர்டர்ன்’. ‘கேப்சைஸ்’ படகுக்கு உரியது; அந்தச் செய்தியாளர் தொப்பூரிலிருந்து ஒகேனக்கல்லுக்குப் போய்விட்டார்.

கேள்வி: தேன்கனிக்கோட்டையில் எங்கள் ராகிக் காட்டுக்குள் யானைகள் வருகின்றன. ஆங்கிலச் செய்திகளில் ‘ஸ்ட்ரே’, ‘வான்டர்’, ‘ரோம்’, ‘மைக்ரேட்’ என்று மாறி மாறி எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. ‘வான்டர்’ இலக்கில்லாமல் அலைவது. ‘ரோம்’ பரந்த இடத்தில் தன்னிச்சையாகத் திரிவது. ‘மைக்ரேட்’ பருவம் பார்த்து இடம்பெயர்வது. ஆண்டுதோறும் ராகி விளையும் காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைக் கூட்டங்கள் வருவதற்கு இதுதான் பொருத்தம். ‘ஸ்ட்ரே’ என்பது போக வேண்டிய வழியை விட்டு விலகுவது. அங்கேதான் எனக்குத் தகராறு. யாருடைய வழியை விட்டு விலகியது? பாட்டன் காலத்திலிருந்து யானை நடக்கும் தடத்தில் நாம் வேலி போட்டுவிட்டு, யானை வழிதவறிவிட்டது என்று எழுதுவதில் சொல்லே நமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது. உழைத்த ராகியை ஒரே இரவில் இழந்த உங்களிடம் இதை நீட்டி முழக்க எனக்கு மனமில்லை. இழப்பீட்டு மனுவில் ‘என்டர்’ என்று எழுதுங்கள். நுழைந்தது, அவ்வளவுதான். யார்மீதும் பழி இல்லை, விவரமும் குறையவில்லை.

கேள்வி: ஓசூரில் வேலை. வீட்டுக்கு ‘ரீச்டு டு ஓசூர்’ என்றும், மேலாளருக்கு ‘மண்டே ரிட்டர்ன் பேக்’ என்றும் அனுப்புகிறேன். இரண்டையும் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதில்: ‘ரீச்’ சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வேண்டாம்; நேராக ஊர்ப் பெயரைப் போடுங்கள். ‘அரைவ்’ என்று எழுதினால் ஊருக்கு ‘இன்’, பஸ் நிலையத்துக்கு ‘அட்’. ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்புவது, ‘பேக்’ அதற்கு மேல் இன்னொரு திரும்பல். இரண்டு முறை திரும்பினால் மறுபடியும் ஊரைப் பார்த்துத்தான் நிற்பீர்கள். மேலாளர் திங்கட்கிழமை உங்களை எதிர்பார்க்க மாட்டார்.