வேர் முடிச்சும் பாதி மாத்திரையும்

கேள்வி: கடலூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லையில் சவுக்கு போட்டிருக்கிறேன். எட்டு மாதக் கன்று. மேற்கு மூலையில் மட்டும் வெளிறிப்போய்க் குட்டையாக நிற்கிறது, மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. நன்றாக இருக்கும் கன்று ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் வேரில் கொத்துக் கொத்தாக முடிச்சு. பக்கத்துக் கொல்லைக்காரர் "இது வேர்ப்புழு, உடனே குருணை மருந்து போடு" என்கிறார். ஒரு முடிச்சைக் கவரில் வைத்திருக்கிறேன். சம்பந்தமில்லாமல் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். தும்மலுக்கு வருஷக்கணக்காக சிட்ரிசின் 10 மில்லிகிராம் போட்டுவந்தேன். புது டாக்டர் லீவோசிட்ரிசின் 5 எழுதியிருக்கிறார். கடைக்காரர் "அதே மருந்துதான், கண்ணாடியில் தெரிகிற மாதிரி" என்றார். ஒன்றும் புரியவில்லை. டோஸைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களா?

பதில்: குருணை மருந்து வாங்கியிருந்தால் முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கவரைப் பிரித்ததும் மேசை முழுக்க மணல், நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு கொத்து. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இஞ்சி விரல் விட்டிருப்பது போலக் குட்டிக் குட்டியாக விரல்கள், ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிரிந்து, சில விரல்களின் முனையில் தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய வேர். சவுக்கு முடிச்சில் இந்த முனை வேர் மட்டும் வேடிக்கையானது, மற்ற வேர்களைப் போலக் கீழே போகாமல் மேல் நோக்கி வளரும். வேர்ப்புழு என்று அவர் சொன்ன நூற்புழு உண்டாக்கும் முடிச்சில் இந்த அமைப்பெல்லாம் கிடையாது. கத்தரி, தக்காளி வேரில் பார்த்திருப்பீர்களே, வேரே அங்கங்கே வீங்கிப் பாசிமணி கோத்தது மாதிரி இருக்கும், பிய்த்தால் வேரும் சேர்ந்துதான் வரும். நீங்கள் அனுப்பியது வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் விரட்டச் சொன்னது உங்கள் தோப்புக்குச் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிற ஆளை.

அந்த ஆளின் பெயர் ஃபிராங்கியா. மண்ணில் இருக்கும் பாக்டீரியா, ஆனால் பார்வைக்குப் பூஞ்சை போல நூல் நூலாக வளரும். வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் குண்டூசித் தலை மாதிரி முடிச்சு இருக்குமே, அங்கே நடக்கிற அதே வியாபாரம்தான் இங்கேயும்: மரம் சர்க்கரை கொடுக்கிறது, பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கித் தருகிறது. இதே வேலையை உரத் தொழிற்சாலை செய்ய 400 டிகிரிக்கு மேல் சூடும், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்கைத் தாண்டிய அழுத்தமும் வேண்டும். இது வெறும் மணலில், பச்சைத் தண்ணீரில் செய்துவிடுகிறது. கடற்கரை மணலில் வேறு எதுவும் தேறாதபோதும் சவுக்கு நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆள் கொஞ்சம் பிடிவாதக்காரர். 1886 லேயே பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் வேரிலிருந்து பிரித்து ஆய்வகத்தில் தனியாக வளர்க்க முடிந்தது 1978 இல்தான், அதுவும் அமெரிக்காவில் வேறொரு செடியின் முடிச்சிலிருந்து.

சரி, மேற்கு மூலைக்கு வருவோம். நீங்கள் தோண்டியது நன்றாக இருக்கும் கன்றை. வெளிறிய கன்று ஒன்றையும் தோண்டிப் பாருங்கள், அதில் முடிச்சே இருக்காது என்பது என் ஊகம். அந்தக் கன்றுகள் போத்து வெட்டி வேர்விடவைத்த நாற்றா, விதை நாற்றா என்று நீங்கள் எழுதவில்லை. சுத்தமான மணலிலும் தேங்காய் நார்க் கழிவிலும் வேர்விட்ட போத்துக்கு இந்த பாக்டீரியாவைச் சந்திக்கிற வாய்ப்பே வந்திருக்காது, அது போய்ச் சேர்ந்த மூலையில் முன்பு சவுக்கே நின்றதில்லை என்றால் மண்ணிலும் இருக்காது. பழைய நாற்றங்கால்காரர்கள் சவுக்குத் தோப்பு மண்ணை ஒரு கூடை கொண்டுவந்து பாத்தியில் கலந்துவிடுவார்கள். ஏனென்று கேட்டால் "அப்பா போட்டார், நானும் போடுகிறேன்" என்பார்கள். காரணம் இதுதான்.

நீங்களும் அதையே செய்யலாம். செழிப்பான மரத்தடியில் பச்சை முடிச்சுகளைக் கொஞ்சம் எடுத்து, நன்றாகக் கழுவி, நசுக்கித் தண்ணீரில் கரைத்து, அந்த மரத்தடி மண்ணோடு சேர்த்து வெளிறிய கன்றுகளின் வேர் ஓரமாக, மாலை நேரத்தில் ஊற்றுங்கள். நோய்பட்ட மரத்தடியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், பாக்டீரியாவோடு நோயும் கூட வரும். குறிப்பாகப் பட்டை கொப்புளமாக எழும்பி, உடைந்தால் கரி மாதிரிப் பொடி தெரிகிற மரம் இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். ஊற்றியதும் பச்சை திரும்பாது, முடிச்சு உருவாக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து யூரியாவை அள்ளி வீசிவிட்டால் கதை கெட்டது: தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது மரம் எதற்குச் சர்க்கரையைச் செலவழித்து வாடகைக்கு ஆள் வைக்கப்போகிறது? வேண்டுமானால் மணிச்சத்துக்குக் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போடுங்கள், முடிச்சுக்கு அது தேவை. வேர்க்கடலைக்கு விற்கிற ரைசோபியம் என்ற பாக்டீரியாப் பொட்டலத்தை வாங்கிவந்து சவுக்குக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மண்ணைக் கெடுக்காது, ஆனால் சவுக்கில் ஒரு முடிச்சும் வராது. இந்த வேருக்கு இந்த பாக்டீரியா என்று இருக்கிறது. அப்புறம், அந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். தேங்கினால் முதலில் வாய்க்கால் வெட்டுங்கள், காற்றில்லாத சேற்றில் ஃபிராங்கியாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது மாத்திரை. சம்பந்தமில்லாமல் கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், சம்பந்தம் இருக்கிறது. ஃபிராங்கியாவுக்குப் பங்காளி முறையில் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்று ஒரு பெரிய பாக்டீரியாக் கூட்டம் மண்ணில் உண்டு, முதல் மழைக்கு வருகிற மண்வாசனையில் பெரும்பங்கு அவர்களுடையது. அந்த வம்சத்தில் ஒன்றை 1947 இல் வெனிசுவேலா மண்ணிலிருந்து எடுத்தபோது கிடைத்த மருந்துதான் குளோராம்பெனிகால், ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கொடுத்தது, இன்றும் கண் களிம்பில் இருப்பது. அதே அணுக்களை அதே வரிசையில் கோத்தால் நான்கு விதமாக அந்த மூலக்கூறு நிற்க முடியும். கிருமியை அடிப்பது அதில் ஒன்றே ஒன்றுதான். மண்ணில் இருக்கும் பாக்டீரியா சரியாக அந்த ஒன்றை மட்டும் செய்கிறது.

கண்ணாடி விஷயத்தைச் சங்கை வைத்து யோசியுங்கள். கடலில் கிடைப்பதெல்லாம் இடம்புரி, எப்போதோ ஒன்று வலம்புரி. எடையும் ஓடும் ஒன்றுதான், ஆனால் இடம்புரியை எப்படிப் புரட்டினாலும் வலம்புரி ஆகாது, கண்ணாடி முன் வைத்தால் மட்டும் ஆகும். மருந்து மூலக்கூறு பலவற்றிலும் இப்படி இரண்டு புரி உண்டு. தொழிற்சாலையில் செய்யும்போது, சிறப்பாக ஏற்பாடு செய்யாவிட்டால், இரண்டும் பாதிப் பாதியாக வந்துவிடும். உடம்பில் மருந்து போய் உட்காருகிற இடமோ ஒரு புரிக்கு மட்டும் வசதியாக இருக்கும்.

உங்கள் பழைய 10 மில்லிகிராம் சிட்ரிசினில் 5 ஒரு புரி, 5 மற்றப் புரி. தும்மலை நிறுத்துவது பெரும்பாலும் லீவோ என்கிற புரிதான். தும்மலைக் கிளப்பிவிடுவது ஹிஸ்டமின் என்று உடம்பே சுரக்கிற ஒரு பொருள்; அது உட்கார வேண்டிய நாற்காலியை இந்தப் புரி பிடித்துக்கொண்டால், பாதி மூலக்கூறுகள் எழுந்துபோகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று அளந்திருக்கிறார்கள். மற்றப் புரிக்கு ஆறே நிமிடம், பஸ்ஸில் ஓரமாக ஒண்டிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி. அந்தப் பாதியை எடுத்துவிட்டு வேலை செய்கிற 5 ஐ மட்டும் டாக்டர் கொடுத்திருக்கிறார். டோஸ் குறையவில்லை. என்னைக் கேட்டால், பெரிய வித்தியாசம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பழையதே நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்து, புதியது விலை கூடுதலாகவும் இருந்தால், பழையதிலேயே இருக்கலாமா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இதை வைத்து எல்லா மாத்திரைக்கும் பாதிக் கணக்குப் போட்டுவிடவும் கூடாது. வயிற்று எரிச்சலுக்குத் தரும் ஓமிப்ரசோலும் 20, அதன் ஒரு புரியான எசோமிப்ரசோலும் 20 என்று வருகிறது. அங்கே இரண்டு புரியும் வயிற்றில் போய் ஒரே பொருளாகத்தான் மாறுகின்றன, கல்லீரல் ஒன்றைக் கொஞ்சம் மெதுவாகக் கரைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வலிக்குப் போடும் ஐபுப்ரொஃபெனில் வேலை செய்யாத புரியில் ஒரு பகுதியை உடம்பே வேலை செய்கிற புரியாகத் திருப்பிக்கொள்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடுமை தாலிடோமைடு. 1957 இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகள் சாப்பிட்டு, 10,000 க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைந்தும் வேறு ஊனங்களோடும் பிறந்தன. ஒரு புரியை மட்டும் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று இன்றும் எழுதுகிறார்கள், ஆனால் அந்த மருந்து உடம்புக்குள் போனதும் ஒரு புரியிலிருந்து மற்றதற்குத் தானாக மாறிக்கொண்டே இருக்கும். பிரித்துக் கொடுத்தும் பயன் இருந்திருக்காது.

வீட்டில் பழைய சிட்ரிசின் மாத்திரைப் பட்டை மீதி இருந்தால் அதையும் இதையும் ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள், ஒரே மருந்தை இரண்டு தடவை போட்ட கணக்கு. புதியதிலும் தூக்கம் வரலாம், அதனால் முதல் சில நாட்கள் ராத்திரியில் போட்டுப் பாருங்கள், போட்டுவிட்டு டிராக்டர் ஏறவேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இந்த மருந்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

மூலைக் கன்றின் வேரையும் அனுப்புவதாக இருந்தால் ஈரச் சாக்கில் சுற்றி அனுப்புங்கள். ஒருவேளை அதில் முடிச்சு இருந்தாலும், காய்ந்துவிட்டால் வெட்டிப் பார்த்தும் உள்ளே என்ன நிறம் என்று தெரிவதில்லை.