போர்க்காலத்தை நடித்துக் காட்டும் ரயில் விழாக்கள் போரைக் கொண்டாடுகின்றனவா?

கேள்வி: இங்கிலாந்தில் பழைய நீராவி ரயில் ஓடும் ஊர்களில், 1940-களின் உடை அணிந்து இரண்டாம் உலகப்போர்க் காலத்தை நடித்துக் காட்டும் வார இறுதி விழாக்களுக்குப் போயிருக்கிறீர்களா? அது போரைக் கொண்டாடுவதாகாதா?

போயிருக்கிறேன், செவர்ன் பள்ளத்தாக்கு ரயில்வேயில், மூன்று முறை. முதல் முறை கிளம்பும்போது உங்களுக்குள்ள அதே சங்கடம் எனக்கும் இருந்தது. வீடுகள்மீது குண்டு விழுந்து மக்கள் மாண்ட காலத்தை பாண்டு வாத்தியமும் உதட்டுச் சாயமுமாகச் சுருக்கிவிடுவார்களோ என்று பயந்தேன். பாண்டு வாத்தியம் உண்டு. சர்ச்சிலைப் போலவும் ஆறாம் ஜார்ஜ் மன்னரைப் போலவும் வேடமிட்டவர்கள் பிளாட்பாரத்தில் கைகுலுக்கியபடி நடந்து போவதும் உண்டு. ஆனால் என்னை மீண்டும் மீண்டும் அங்கே இழுத்தது வேறொன்று.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிட்டர்மின்ஸ்டரிலிருந்து பிரிட்ஜ்நார்த் வரை, செவர்ன் நதியை ஒட்டி 16 மைல் பாதை. இதன் பெரும்பகுதி 1862-இல் திறக்கப்பட்டு, 1963-இல் அதில் பயணிகள் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ரயில்மீது பற்றுள்ளவர்கள் 1965-இல் சங்கம் அமைத்து, 1970-இல் ஒரு பகுதியில் மீண்டும் ரயில் ஓட்டினார்கள். இன்றும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் கைகளால்தான் ஓடுகிறது. கரி அள்ளுபவரிலிருந்து டிக்கெட்டில் துளையிடுபவர் வரை சம்பளம் வாங்காதவர்களே அதிகம்.

பிரிட்ஜ்நார்த் நிலையத்துக்குப் போர்க்கால வேடம் புதிதில்லை. 1939 நவம்பரில் ஊருக்கு அருகே விமானப்படைப் பயிற்சி முகாம் ஒன்று திறக்கப்பட்டது. சேர வந்த இளைஞர்கள் இதே பிளாட்பாரத்தில் இறங்கி முகாமுக்குப் போனார்கள். 1940 ஆகஸ்டில் ஊரின் மேல்பகுதியில் குண்டு விழுந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த நிலையத்தில் நின்றால், சுற்றிலும் விமானப்படையின் நீலச் சீருடையில் நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

நான் அதிக நேரம் நின்றது, போருக்குப் பயந்து ஊரைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளாக வேடமிட்ட குழந்தைகள் அருகில்தான். கழுத்தில் அட்டைப் பெட்டி, அதற்குள் விஷவாயு முகமூடி. சட்டையில் பெயர் எழுதிய பழுப்புச் சீட்டு. 1939 செப்டம்பர் 1 அன்று, பிரிட்டன் போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேர், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். எந்த ஊருக்குப் போகிறோம் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்தபின் முகவரியை எழுதிப் போட ஓர் அஞ்சலட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அட்டை வீடு வந்து சேரும்வரை தாய்க்குத் தன் பிள்ளை எங்கிருக்கிறது என்பதே தெரியாது.

இதை எனக்குச் சொன்னவர், பக்கத்து பெஞ்சில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி. ஆறு வயதில் லிவர்பூலிலிருந்து அனுப்பப்பட்டவர். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்தார்களாம். அடைக்கலம் கொடுக்க வந்தவர்கள் பார்த்துப் பார்த்து, "இந்தப் பெண்ணை நான் அழைத்துக்கொள்கிறேன்" என்று தேர்ந்தெடுத்தார்களாம். இவரையும் அண்ணனையும் வேறு வேறு வீட்டில் விட்டார்கள். "வீட்டுக்காரம்மா நல்லவர்தான், ஆனால் இரவில் யாரிடம் அழுவது என்று தெரியவில்லை" என்றார். வேடமிட்ட பிள்ளைகள் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. நாங்களும் ரயிலில் ஏறும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம் என்றார்.

அந்தப் பேச்சின் நடுவில்தான் என் பாட்டியின் நினைவு வந்தது. சென்னையும் இப்படிக் காலியான நகரம்தான். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னை என்ற பீதி பரவியது. அவசிய வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசே சொன்னது. அரசு அலுவலகங்கள் பல உள் மாவட்டங்களுக்குப் போயின. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. திருவல்லிக்கேணி வீட்டின் பித்தளைக் குடங்களைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, எழும்பூரில் ரயிலேறி மாயவரம் போனார்கள். கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் குமாஸ்தா. அவர் மட்டும் போகவில்லை. பாட்டி கடைசிவரை அதை 'எவாகுவேஷன்' என்றுதான் சொல்வார். நாங்கள் அதைக் கதையாகக் கேட்டோம், கேள்வியாக எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

அதனால், கொண்டாட்டமா என்று நீங்கள் கேட்டால் என் பதில் இது: எதன் முன் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெற்றுத் தோட்டா வெடித்து நடத்திய சண்டைக் காட்சியில் என்னால் ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குக் கைதட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வேறு சில ஊர்களின் இத்தகைய விழாக்களுக்கு நாஜி சீருடையில் சிலர் வந்து சர்ச்சையாகி, அமைப்பாளர்கள் அதற்குத் தடை விதித்தார்கள். அந்தத் தடை முற்றிலும் சரி. அந்தச் சீருடையைக் கண்டு நடுங்கி ஓடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கூட்டத்தில் நிற்கக்கூடும்.

ஆனால் அதே விழாவில், போர்க்கால ரேஷன் அளவுகளை வைத்துக் காட்டும் மேசையைப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்கான தேயிலை இரண்டு அவுன்ஸ், நம் கணக்கில் 57 கிராம். அது ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்திருந்தது. என் எட்டு வயது மகள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வீட்டில் இரண்டு நாளில் தீர்ப்பது அது. ரேஷன் 1940 ஜனவரியில் தொடங்கியது. இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலையில். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் வரை இல்லத்தரசிகள் கூப்பனை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த மேசையருகே நின்றபோதுதான் நான் உணர்ந்தேன். பீரங்கி வண்டிகளைச் சுற்றி இருந்த கூட்டத்தில் பாதிகூட அங்கே இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

போக நினைத்தால்: கிட்டர்மின்ஸ்டரில் பெரிய ரயில் நிலையத்தை ஒட்டியே இந்த நிலையமும் இருக்கிறது. விழா பெரும்பாலும் ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் நடக்கும். காலையிலேயே போய், இடையில் ஆர்லி போன்ற ஒரு சிறு நிலையத்தில் இறங்கி உட்காருங்கள். முதியவர்கள் யாராவது அருகில் இருந்தால் பேச்சுக் கொடுங்கள். அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தொண்ணூறை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள்.

அன்றிரவு ஊருக்கு அம்மாவை அழைத்தேன். எழும்பூரில் பாட்டியை ரயிலேற்றிவிடக் கொள்ளுத்தாத்தா பிளாட்பாரம்வரை வந்தாரா என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. கிணற்றில் இறக்கிய குடங்களை எட்டு மாதம் கழித்து எடுத்தார்கள் என்பதும், அதில் ஒன்று மட்டும் கயிறு இற்று அடியிலேயே தங்கிவிட்டது என்பதும் தெரிந்திருந்தது.