ஓய்வுக்குப் பின் குடியேற தேனியா, தென்காசியா?

கேள்வி: ஓய்வு பெற்றதும் சென்னையை விட்டு மலையடிவார ஊர் ஒன்றில் குடியேற நினைக்கிறோம். தேனி, தென்காசி இரண்டில் எது ஏற்றது? என் மனைவிக்கு மூச்சிரைப்பு உண்டு.

பதில்: ஆசிரியர் வேலையில் எட்டு வருடம் தேனியில் இருந்தேன். மாற்றலாகி வந்து பன்னிரண்டு வருடமாகத் தென்காசியில் இருக்கிறேன். எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் தென்காசி என்பேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்த பிறகு அப்படிச் சட்டென்று சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு ஊருக்கும் மேற்கே நிற்பது ஒரே மேற்குத் தொடர்ச்சி மலைதான். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அந்த வழியாகக் காற்றும் மேகமும் தென்காசிக்கு வந்துவிடும். தேனிக்கு மேற்கே இடுக்கி மலைகள் உயர்ந்து நின்று அந்த மழையைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. அங்கே பெய்த தண்ணீர் 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. தேனி ஊருக்குள் நல்ல மழையைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் தென்காசிச் சாரலை அனுபவித்தால்தான் தெரியும். முற்றத்தில் நின்றால் தலைமுடியில் பொடிப்பொடியாகத் துளிகள் கோத்திருக்கும், சட்டை நனைந்திருக்காது. திடீரென்று வெயில் அடிக்கும், கால்மணி நேரத்தில் மலை முழுவதும் மறைந்துபோகும். குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் என்பதால் விடியற்காலையில் போய்க் குளித்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். வரும் வழியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் வாங்கலாம். இந்த இரண்டு மாதங்களுக்காகவே மற்ற பத்து மாதங்களையும் இங்கே கழிக்கலாம் என்று நினைப்பவன் நான்.

அதே இரண்டு மாதங்களில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. பள்ளிச் சீருடையை அடுப்புக்கு மேலே கம்பி கட்டி உலர்த்துவோம். தீப்பெட்டி நமுத்துப்போகும், ஜாடியில் உப்பு நீர்விட்டு நிற்கும். என் அம்மாவுக்கும் இரைப்பு உண்டு. இங்கு வந்த முதல் ஆடியில் பல இரவுகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். காரணம் தெரியாமல் தவித்தோம். ஒருநாள் அவருடைய கட்டிலை ஒட்டியிருந்த மர அலமாரியை நகர்த்தினால், பின்சுவர் முழுவதும் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. கையை வைத்தால் ஈரம். மேற்குப் பக்கம் சன்னல் இல்லாத, காலை வெயில் நேராக விழும் ஒரு மாடி வீட்டுக்கு மாறினோம். இரைப்பு குறைந்தது; முழுவதும் நிற்கவில்லை. தேனியில் இருந்த காலத்தில் அவர் இன்ஹேலரை எடுத்தது மிக அரிது. எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு ஈரம் ஆகாது, சிலருக்குப் புழுதி ஆகாது. தேனியில் ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பும் என்பதையும் மறைக்கக்கூடாது.

தேனி என்று நான் சொல்வது தேனி நகரத்தை அல்ல. அது சந்தையும் வண்டிகளுமாக நெரிசல் பிடித்த ஊர். அமைதி வேண்டுமென்றால் வடக்கே பெரியகுளத்தில் பாருங்கள். மாந்தோப்புகள் சூழ்ந்த ஊர், குடிக்கச் சோத்துப்பாறைத் தண்ணீர், பக்கத்திலேயே கும்பக்கரை அருவி, தலைக்கு மேலே கொடைக்கானல் மலை. பங்குனி வெயில் மட்டும் கடுமையாக இருக்கும்.

சென்னைக்கு ரயில் என்று பார்த்தால் தென்காசிக்கே வசதி. பொதிகை எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு. தேனிக்கு 2022-இல்தான் அகலப்பாதை ரயில் வந்தது. போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள் வண்டி இருக்கிறது. மருத்துவத்தில் நிலைமை மாறுகிறது. தேனிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு, ஆனால் பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். இரவு நேரத்தில் மூச்சுத் திணறுபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நான் போயிருக்கிறேன். பாவூர்ச்சத்திரம், ஆலங்குளம் என்று ஒவ்வொரு ஊராக எண்ணிக்கொண்டே போன பயணம் அது.

ஆகவே இப்போதைக்கு எங்கேயும் மனை வாங்காதீர்கள். வரும் ஆடியில் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இலஞ்சியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். குற்றாலத்துக்குள் வேண்டாம், சீசன் கூட்டமும் ஐயப்ப சீசன் கூட்டமும் சேர்ந்து உங்கள் அமைதியைத் தின்றுவிடும். உங்கள் மனைவி இரவில் நன்றாகப் படுத்துத் தூங்கினால் தென்காசியிலேயே இருந்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவு எழுந்து உட்கார்ந்தாலும் தயங்காமல் பெரியகுளத்துக்குப் போங்கள். சாரலுக்கு ஆண்டுதோறும் நான்கு நாள் இங்கே வந்து போகலாம். எந்த ஊரில் வீடு பார்த்தாலும் அலமாரியை நகர்த்தி, பின்சுவரை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.