பினாங்கு அதிகாரி எங்கள் முன்னோரா? எங்கே தேடுவது?

1800 வாக்கில் பினாங்கில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரி உங்கள் முன்னோர் என்று வீட்டில் சொல்கிறார்கள், ஆனால் திருமணப் பதிவு அகப்படவில்லை என்கிறீர்கள். அதை விட்டுவிட்டு உயிலில் தொடங்குங்கள். பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டையே பாருங்கள்: மார்ட்டினா ரோசெல்ஸ் 1772 முதல் அவரோடு வாழ்ந்தார் என்பது 1794 உயிலில்தான் இருக்கிறது.

உயிலில் 'நேச்சுரல் சன்' என்று வந்தால் 'சொந்த மகன்' என்று மட்டும் படித்துவிடாதீர்கள். அக்கால வழக்கில் அது மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை. பலர் இடறுவது இந்தச் சொல்லில்தான்.

அடுத்தது ஞானஸ்நானப் பதிவு. தாயின் பெயர் விடுபட்டிருக்கலாம். தேதியைப் பிறந்த நாளாகக் கொள்ளாதீர்கள். சில பிள்ளைகளுக்கு வயது ஏறிய பிறகே ஞானஸ்நானம் நடந்தது. 1805 வரை பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள நிர்வாகத்தின் கீழ் இருந்ததால், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சி தொடர்பான பழைய ஆவணங்கள்) தொகுப்பில் வங்காளப் பதிவேடுகளைத் தேட வேண்டும். தாய் கத்தோலிக்கர் என்றால் பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரின் அசம்ப்ஷன் தேவாலயத்தில் கேளுங்கள். பினாங்கு நேரடியாக பிரிட்டிஷ் குடியேற்ற அலுவலகத்தின் கீழ் வந்த 1867க்குப் பிந்தைய அதிகாரி என்றால், லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த அலுவலகத்தின் சி.ஓ. 273 என்ற ஆவண வரிசையைப் பாருங்கள்.

குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் சான்றாகாது. ஞானத்தந்தையின் பெயரும், எசமானின் பெயரும்கூடப் பிள்ளைக்கு வந்திருக்கலாம்.