முதலில் தெரிந்துகொண்டவர் முதலில் தொற்றுக்குள்ளானவர் அல்லர்

கேள்வி: எனக்கு வயது 24. ஐந்தாம் மாதக் கர்ப்பப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. நான்தான் கொண்டுவந்தேன் என்று மாமியார் வீட்டில் பழிக்கிறார்கள். பிறந்த வீட்டுக்குப் போய்விடச் சொல்கிறார்கள். கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் மருந்து; மற்றவை அதன் பிறகு. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. நீங்கள் மருந்தை விடாமல் உட்கொண்டு, பிறந்ததும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் தொடங்கினாலும் பலன் உண்டு. ஆனால் இனி ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.

அடுத்தது அந்தப் பழி. கர்ப்பிணிகளுக்கு இப்பரிசோதனை வழக்கமாகவே செய்யப்படுகிறது. ஆண்களின் வாழ்க்கையில் அப்படியொரு கட்டம் வருவதே இல்லை. அதனால் பல குடும்பங்களில் தொற்று முதலில் மனைவியிடம் தெரியவருகிறது, முதலில் தெரிந்ததே முதல் குற்றமாகவும் ஆகிவிடுகிறது. யாருக்கு முதலில் தொற்றியது, யாரிடமிருந்து வந்தது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகளைப் பாலியல் தொழிலாளர்களிடம் கண்டறிந்ததிலிருந்து, இது 'கெட்ட நடத்தையின்' நோய் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பின்னர் அதே சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களை ஆராய்ந்தபோதோ, அவர்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு எவரையும் அறியாத இல்லத்தரசிகளாக இருந்தார்கள். இதைச் சொல்வது பழியைக் கணவர் மீது திருப்புவதற்காக அன்று. அவருடைய பரிசோதனை முடிவு தெரியாமல் எதையும் தீர்மானிக்க முடியாது.

வீட்டைவிட்டு வெளியேற நீங்கள் சம்மதிக்கத் தேவையில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையிலுள்ள எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குடும்பம் சேர்ந்து வாழும் வீட்டில் தங்கும் உரிமையையும் அதன் வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையையும் உங்களுக்கு உறுதிசெய்கிறது. மிரட்டலோ அடியோ இருந்தால், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம். நீதிமன்றத்தில் உங்கள் பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் கோரலாம்.

கணவரை அவருடைய ஒப்புதலின்றிச் சோதிக்கச் சட்டம் இடம்தராது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடம் அவரை அழைக்கச் சொல்லுங்கள். 'சோதனைக்கு வா' என்பதற்கு மறுக்கும் ஆண்கள், 'குழந்தையைப் பற்றி இருவரிடமும் பேச வேண்டும்' என்றால் வருவதுண்டு. அவருக்குத் தொற்று இல்லையென முடிவு வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். உங்கள் இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிக்கும்வரை ஆணுறை அவசியம். அதன் பிறகு உடலுறவின் வழியே அவருக்குப் பரவாது என்பதை ஆலோசகரே அவரிடம் விளக்கட்டும். அவர் வராவிட்டாலும் உங்கள் மாத்திரை வேளை தவறக் கூடாது. நேரில் செல்லும்வரை 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண்ணில் பேசலாம்.