விரல் வெளுத்த ஏழு வருடம்

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது. குன்னூரில் இருக்கிறோம். ஒரு வருடமாக வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பிபி எப்போதும் நார்மல். எக்கோவில் நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் அதிகம் என்று சொல்லி, ருமட்டாலஜி டாக்டரையும் பார்க்கச் சொன்னார்கள். நுரையீரலுக்கு வாத டாக்டர் எதற்கு என்று அப்பா போக விடவில்லை. இங்கே குளிரும் அதிகம், பாத்திரம் தேய்த்தால் அம்மாவின் விரல்கள் வெளுத்து நீலமாகிவிடும், ஏழு வருடமாக அப்படித்தான், ‘சுண்ணாம்பு டப்பாவில் கை விட்டாயா’ என்று அப்பா கிண்டல் செய்வார். எதிர்ப்புச் சக்தி குறைந்ததுதான் காரணமா? அதைக் கூட்ட என்ன கொடுக்கலாம்?

பதில்: தம்பி, கஷாயம், லேகியம் எதுவும் நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த விரல்தான் எனக்கு உறுத்துகிறது. குளிரில் எல்லோருக்கும் கை விறைக்கும், சரி. ஆனால் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்து திரும்புவதற்கு ரேனாட் என்று பெயர், 1862-லேயே பிரெஞ்சு டாக்டர் ஒருவர் எழுதி வைத்துவிட்டார். சின்ன வயதுப் பெண்களுக்கு வந்தால் பெரும்பாலும் பயமில்லை. 45 வயதில் புதிதாக வந்திருக்கிறது, ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றியிருக்கிறது! ஏழு வருடமாக அதே குளிர்ந்த தண்ணீரில் அதே கைதான் பாத்திரம் தேய்க்கிறது, வீட்டில் வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர்.

எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று யார் சொன்னது? அது தன் உடம்பையே தாக்கத் தொடங்கியிருக்குமோ என்பதுதான் உங்கள் டாக்டரின் சந்தேகமாக இருக்கும். தோலை இறுக்கும் ஸ்க்லீரோடெர்மா, பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் மாதிரி நோய்களில் அப்படித்தான் நடக்கிறது, அந்த விரல் வெளுப்பும் இவற்றின் அடையாளமாக இருக்கலாம். கிருமியோடு சண்டை போட வேண்டிய டி அணு, பி அணு, மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் எல்லாம் நுரையீரலின் நுண்ணிய தமனிகளைச் சுற்றிக் கூடி, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன, குழாயின் உட்சுவருக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாகிறது, இந்தச் சண்டையை அடக்க வேண்டிய டி அணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. சுவர் தடித்துக் குழாய் குறுகக் குறுக, இதயத்தின் வலது பக்கம் அந்த இடுக்கில் ரத்தத்தை முட்டித் தள்ளுகிறது. அம்மாவுக்குப் படியில் மூச்சு வாங்குவது அதனால் இருக்கலாம். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபியில் இது தெரியவே தெரியாது.

ஸ்க்லீரோடெர்மா உள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நுரையீரல் அழுத்தம் வருகிறது, அதனால்தான் அவர்களுக்கு வருடா வருடம் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எந்த நோய் என்று நான் தீர்மானிக்க முடியாது, அதற்குத்தான் ருமட்டாலஜி டாக்டர். பெயர் தெரிவது முக்கியம் தம்பி. லூபஸ் என்றால் ஸ்டீராய்டு, சைக்ளோபாஸ்பமைடு போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்திலேயே சிலருக்கு நுரையீரல் அழுத்தம் இறங்குகிறது. ஸ்க்லீரோடெர்மாவில் அந்த அழுத்தம் பொதுவாக அதற்கு அசைவதில்லை, சில்டெனாஃபில், போசென்டான் என்று ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரைகள்தான் கைகொடுக்கின்றன. எக்கோ தருவது உத்தேசக் கணக்குதான், உறுதி செய்ய வலது இதயத்துக்குள் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு அளக்க வேண்டும். ஓய்வில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போனால் அது அதிகம். டாக்டர் அதைக் கேட்டால் அதற்கும் அப்பாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

கட்டின மனைவியை டாக்டரிடம் போக விடாமல் தடுக்கும் உரிமை எந்தக் கணவனுக்கும் கிடையாது, இதை அவர் காதுபடவே படித்துக் காட்டுங்கள். அப்பா சொல்லை மீறக் கூடாது என்று வளர்த்திருப்பார்கள், தெரியும். அம்மாவின் மூச்சு அதைவிடப் பெரிய கடமை.

நாளைக் காலை பாத்திரத்தை நீங்கள் தேயுங்கள். அம்மாவின் விரல் வெளுக்கும்போது போனில் படம் எடுத்து வையுங்கள், டாக்டர் முன்னால் உட்காரும் நேரத்தில் அது வெளுக்காது. சோறு பிசையும்போது விரல் சரியாக மடங்குகிறதா, தோல் இறுகியிருக்கிறதா, மோதிரத்தைக் கழற்ற முடிகிறதா, நெஞ்செரிச்சல் உண்டா என்று அம்மாவிடமே கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது. அப்புறம் லீவு போட்டுவிட்டு, எக்கோ ரிப்போர்ட்டோடு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், இந்த வாரமே.