டேக்வாண்டோ படிக்கக் கொரியா போகலாமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், மாநிலப் போட்டியில் வெண்கலம் வாங்கியிருக்கிறாள், கையில் இரண்டாம் டான் (கறுப்புப் பட்டைக்குள் இருக்கும் படிநிலையை டான் என்பார்கள்) கறுப்புப் பட்டை இருக்கிறது. பொறியியல் வேண்டாம், தென்கொரியாவுக்குப் போய் அந்நாட்டுத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவையே பட்டப்படிப்பாகப் படிக்கிறேன் என்கிறாள். அவளுடைய அப்பா இரண்டு வாரமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்: "உதைக்கவும் உதை வாங்கவும் ஒரு பட்டமா? அதில் சோறு கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் உங்கள் மகள் எதிர்பார்க்கும் இடத்திலிருந்து அது வராது. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

அவள் கண்ணில் பதக்கம் இருக்கிறது. பதினேழு வயதில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் பதக்கத்தை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட முடியாது. ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவுக்குப் பெண்களுக்கு நான்கு, ஆண்களுக்கு நான்கு என மொத்தம் எட்டு எடைப் பிரிவுகள்தான். ஒரு நாட்டிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒருவர் மட்டுமே போகலாம். இந்த விளையாட்டைப் பெற்ற கொரியாவே 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலிருந்து ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பியது. பாரிஸில் 2024இல் இரண்டு தங்கம் வென்ற பிறகுதான் அங்கே மூச்சு விட்டார்கள். கொரியாவிலேயே நிலைமை இதுவென்றால், நான்கு ஆண்டுப் படிப்பையும் உங்கள் சேமிப்பையும் ஒரு பதக்கத்தின்மேல் வைப்பது சரியாகாது.

அப்படியானால் கொரியப் பல்கலைக்கழகங்களின் டேக்வாண்டோ துறைகளில் படித்து வெளியே வருகிறவர்கள் என்ன ஆகிறார்கள்? பெரும்பாலோர் ஆசிரியர் ஆகிறார்கள். கொரிய மொழியில் சாபொம் என்பார்கள். மரியாதையாக அழைக்கும்போது சாபொம்னிம்.

கொரிய நகரம் எதில் நடந்தாலும் நாலைந்து தெருவுக்கு ஒரு டோஜாங், அதாவது பயிற்சிக்கூடம், கண்ணில் படும். பெரும்பாலும் ஏதாவது கடைக்கு மேலே இரண்டாவது அல்லது மூன்றாவது மாடியில் இருக்கும். மதியம் பள்ளி விட்டதும் மஞ்சள் நிற வேன் வாசலில் போய் நிற்கும். பல இடங்களில் வேனை ஓட்டி வருகிறவரும் சாபொம்தான். குழந்தைகளை ஏற்றி வந்து, செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கச் சொல்லி, தோபோக் என்ற வெள்ளைச் சீருடையை மாட்டிவிட்டு, பட்டையை முடிந்துவிட்டு, வரிசையில் நிறுத்துவார். கொடிக்கு வணக்கம், ஆசிரியருக்கு வணக்கம். பிறகு "ஜுன்பி" என்றால் தயார், "சிஜாக்" என்றால் தொடங்கு. உதை, குத்து, ஸ்கிப்பிங் கயிறு, விளையாட்டு, நடுவில் ஓர் அழுகைச் சமாதானம். அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வரும்வரை பிள்ளைகள் பத்திரமாக இருக்கும் இடம் அது. அங்கே பெற்றோர் கட்டணம் செலுத்துவது அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான்.

நான் வழிகாட்டிய மாணவர் ஒருவர் கியோங்கி மாகாணத்தில் இந்தப் படிப்பை முடித்தார். முதல் ஆண்டில் எனக்கு எழுதிய கடிதங்கள் முழுக்கச் சண்டைப் பயிற்சியைப் பற்றியவை. நான்காம் ஆண்டில் வந்த கடிதத்தில், ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு இடது கால் எது, வலது கால் எது என்று சொல்லிக்கொடுக்க மூன்று வாரம் ஆனதையும், அவன் மஞ்சள் பட்டை கட்டிய அன்று தான் அழுததையும் எழுதியிருந்தார். இவர் இந்தத் தொழிலில் நிலைத்துவிடுவார் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆகவே உங்கள் மகளிடம் "ஜெயிப்பாயா" என்று கேட்காதீர்கள். "ஆறு வயதுக் குழந்தைகளுக்குத் தினமும் நாலு மணி நேரம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்குமா" என்று கேளுங்கள். அவள் இப்போது பயிற்சி பெறும் இடத்திலேயே சின்னப் பிள்ளைகளின் வகுப்பை மூன்று மாதம் எடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் கண்ணில் ஒளி இருந்தால் அடுத்த அடி வைக்கலாம். சலிப்பு வந்தால் அதுவும் நல்லதுதான். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துகொண்டோமே!

இதில் ஒரு நெருக்கடியும் உண்டு. கொரியாவில் குழந்தைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விகிதம் இறங்கிவிட்டது. பிள்ளைகளை நம்பி நடக்கும் டோஜாங்குகளுக்கு இது பெரிய கவலை. அதனால் கொரிய சாபொம்களே வெளிநாட்டுப் பக்கம் பார்க்கிறார்கள். தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோய் யங் சோக் என்ற கொரியப் பயிற்சியாளர் 2002இல் அங்கே போனார். அவரிடம் பயின்ற பானிபாக் வோங்பட்டனகிட் டோக்கியோவிலும் பாரிஸிலும் 49 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். பயிற்சியாளர் தாய்லாந்துக் குடியுரிமையே வாங்கிவிட்டார். கொரியாவில் கற்று வேறு மண்ணில் கற்றுக்கொடுக்கும் இந்தப் பாதைதான் உங்கள் மகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். கொரியாவிலேயே தங்கி டோஜாங் நடத்த வேண்டும் என்ற கனவை நான் அவ்வளவாக ஊக்குவிக்க மாட்டேன்.

இனி படிப்பு. யோங்இன் பல்கலைக்கழகம், கியுங் ஹீ பல்கலைக்கழகம், சியோலில் உள்ள கொரிய தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகம், தேகு நகரின் கேமியுங் பல்கலைக்கழகம் ஆகியவை டேக்வாண்டோவில் பெயர் பெற்றவை. காலையில் ஓட்டம், பகலில் உடற்கூறியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல் போன்ற வகுப்புகள், பிற்பகலில் பயிற்சி என்று நாள் ஓடும். பயிற்சியில் மூன்று கிளைகள் உண்டு. கியோருகி என்பது நேருக்கு நேர் சண்டை. பூம்சே என்பது வகுத்து வைத்த அசைவுகளைத் தனியாகச் செய்து காட்டுவது. மூன்றாவது, பலகை உடைத்தல், பறந்து உதைத்தல் எனச் செய்யும் குழுச் செயல்விளக்கம். உங்கள் மகள் கியோருகி வீராங்கனை. ஆனால் ஆசிரியப் பணிக்குப் பூம்சே இன்றியமையாதது, டான் தேர்வுகளிலும் அது கட்டாயம். சண்டைக்காரப் பிள்ளைகள் அதை அலட்சியம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவளும் அப்படித்தானா என்று கேட்டு எழுதுங்கள்.

"பெண் பிள்ளை அடி வாங்குவதை எப்படிப் பார்ப்பது" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தாய்க்கு அது இயல்பான பயம். சண்டை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் தெளியும். மார்புக் கவசம், தலைக் கவசம், பல் காப்பு, கை கால் காப்புகள் எல்லாம் கட்டாயம். கவசத்தில் மின்னணு உணர்விகள் இருக்கின்றன. உடலில் விழும் உதைக்கு இரண்டு புள்ளி, தலைக்கு மூன்று, சுழன்று உதைத்தால் முறையே நான்கும் ஐந்தும். குத்துக்கு ஒன்றுதான். கீழே விழுந்தாலோ, எல்லைக் கோட்டைத் தாண்டினாலோ எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும். இரண்டு நிமிடச் சுற்றுகள், மூன்றில் இரண்டை வெல்பவர் வெற்றியாளர். எதிராளியை அடித்துச் சாய்ப்பதைவிடத் தூரத்தையும் நேரத்தையும் கணிப்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ஆனாலும் கணுக்கால் சுளுக்கு, பாதத்தில் வீக்கம், முழங்கால் தசைநார் கிழிவு ஆகியவை இந்த விளையாட்டோடு வருபவை. தலையில் உதை விழுந்து தலைசுற்றலோ மறதியோ இருந்தால், மருத்துவர் அனுமதிக்கும்வரை சண்டைப் பயிற்சி கூடாது. இதில் பயிற்சியாளர் சொல்வதைக்கூட நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை உலுக்கிவிட்டது. 49 கிலோ பிரிவுக்காகப் போட்டிக்கு முன் மூன்று நாள் சாப்பிடாமல் இருக்கிறாள், தண்ணீரையும் குறைக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொரியாவுக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். இதை இன்றே நிறுத்துங்கள். வளரும் பெண் உடலை இப்படிக் காயப்போட்டால் மாதவிலக்கு தவறும், எலும்பு பலவீனமாகும், சண்டையின்போது கவனமும் சிதறும். ஜூனியர் பிரிவில் 52, 55 கிலோக்கள் இருக்கின்றன. சீனியரில் 53, 57 இருக்கின்றன. அவள் உடலின் இயல்பான எடை எதுவோ அதில் மோதட்டும். ஒரு வருடம் தோற்றாலும் பரவாயில்லை. பயிற்சியாளர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

கொரியாவில் மூத்தவர் இளையவர் என்ற வரிசை மிகக் கடுமையானது. மூத்த மாணவரை சொன்பே என்பார்கள், இளையவர் ஹூபே. முதலாம் ஆண்டு மாணவர்கள் தளத்தைத் துடைப்பார்கள், உபகரணங்களை அடுக்குவார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒழுங்கு என்ற பெயரில் அடிப்பதும் அவமானப்படுத்துவதும் அந்நாட்டு விளையாட்டு உலகில் இருந்திருக்கின்றன. 2020இல் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) ஆடிய ஓர் இளம் வீராங்கனை உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு நாடே கொதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், புகார்களை விசாரிக்க விளையாட்டு நெறிமுறை மையம் செயல்படத் தொடங்கியது. அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், எது நடந்தாலும் "போதும், வந்துவிடு" என்று சொல்ல அம்மா இருக்கிறாள் என்று அவள் நம்ப வேண்டும். பாதியில் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்காதீர்கள்.

பட்டையின் கணக்குக்கு வருவோம். உலகம் ஏற்கும் டான் சான்றிதழைத் தருவது சியோலில் 1972இல் திறக்கப்பட்ட, டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன். நம் ஊரில் சில இடங்களில் சங்கத்தின் சொந்தச் சான்றிதழை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். மகளின் சான்றிதழில் குக்கிவோன் எண் இருக்கிறதா என்று பாருங்கள், அவர்களுடைய இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். எண் உண்டென்றால் இரண்டாம் டானிலிருந்து மூன்றாவதுக்கு இரண்டு ஆண்டு, மூன்றிலிருந்து நான்காவதுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆக ஐந்து ஆண்டு. குக்கிவோனின் பயிற்றுநர் சான்றிதழுக்கு நான்காம் டான் வேண்டும். ஒரு வருடம் மொழி, நான்கு வருடம் பட்டம் என்றால் அதுவும் ஐந்து ஆண்டுதான். இரண்டும் ஒரே சமயத்தில் கைக்கு வரும்.

மொழியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டப்படிப்பு வகுப்புகள் பெரும்பாலும் கொரிய மொழியில்தான் நடக்கும். டோபிக் என்ற மொழித்தேர்வில் ஆறு நிலைகள் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் மூன்றாம் நிலையாவது கேட்கின்றன. நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழைப் போலவே கொரியத்திலும் வினைச்சொல் கடைசியில் வரும், பெயரோடு உருபு ஒட்டும். சென்னையில் இன்கோ மையம் என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் கொரிய வகுப்புகள் நடத்துகிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுநாளே அவள் தொடங்கலாம். நாளை முழங்கால் கைவிட்டாலும் இந்த மொழி கைவிடாது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் கொரிய நிறுவனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை அவளுடைய அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். நன்றாகக் கொரிய மொழி பேசும் தமிழருக்கு அங்கே வேலை இருக்கிறது. அவருடைய கோபம் பாதியாவது குறையும்.

பணம் இருந்தால்தான் முடியும் என்றில்லை. கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகை விமானக் கட்டணம், மொழிப் பயிற்சி, கல்விக் கட்டணம், மாதச் செலவு எல்லாவற்றையும் ஏற்கிறது. விண்ணப்பிப்பவர் 25 வயதுக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் 80 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. போட்டி கடுமை. டேக்வாண்டோ துறை அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண்பது விழுக்காடு என்பதை மகளிடம் நீங்களே சொல்லுங்கள். அப்பா படி என்கிறார், அவள் விளையாடுகிறேன் என்கிறாள். கொரியா போவதற்கே மதிப்பெண் வேண்டும் என்று தெரிந்தால் அந்தச் சண்டைக்கு வீட்டில் வேலையில்லை.

இங்கேயே இருக்க முடிவு செய்தாலும் வழி அடைபடாது. உடற்கல்விப் பட்டம் படித்துக்கொண்டே டான்களை ஏறலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எந்தச் சங்கம் நடத்திய போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பதைச் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் இந்த விளையாட்டின் நிர்வாகத்தில் நீண்ட காலமாகவே தகராறு. செல்லாத சான்றிதழோடு என் மேசைக்கு முன் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் உண்டு.

மூன்று மாதம் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு எடுத்துவிட்டு அவள் என்னிடம் வரட்டும். மதிப்பெண் பட்டியல், டான் சான்றிதழ், கடைசியாக ஆடிய இரண்டு ஆட்டங்களின் காணொளி ஆகியவற்றை எடுத்து வரச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்று அவள் தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். முடிந்தால் அவளுடைய அப்பாவும் வரட்டும். முதல் ஒரு மணி நேரம் அவளை மட்டும் பேச விடுவோம். பிறகு அவர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்